பதினோரு நாளாகப் பதில் இல்லை: வேலை தேடுவோர் கேள்வி-பதில்

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் உயரமாக நின்றது. எல்லாமே இன்டர்வியூ முடித்து வீடு திரும்பியவர்களின் கடிதங்கள். "கூப்பிடுவார்களா, நானே கேட்கலாமா, கேட்டால் தப்பா?" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆள் எடுக்கும் வேலையில் 27 வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு வருடம் இந்தப் பக்கம் உட்கார்ந்து போன் மணிக்காகக் காத்திருந்தவளும்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இம்முறை இதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: அம்மா, கணக்குப் பிரிவு வேலைக்கு இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடித்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. கடைசி ரவுண்டில் மேனேஜர் சிரித்த முகத்தோடு "ஒரு வாரத்தில் சொல்லிவிடுகிறோம்" என்றார். இதுவரை ஒரு தகவலும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்க்கிறேன். கேட்டு எழுதினால் வேலைக்கு அலைகிறாள் என்று நினைப்பார்கள் என்கிறாள் தோழி. எழுதாவிட்டால் அக்கறையே இல்லை என்று நினைப்பார்கள் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள், இன்றைக்கே எழுதிவிடுங்கள் அம்மா. ஒரு வாரம் என்று கெடு வைத்தவர்கள் அவர்கள். அது தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது. சொன்ன தேதி கழிந்த பிறகு கேட்பதை எந்த அலுவலகத்திலும் யாரும் நச்சரிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நாளே எழுதியிருந்தால் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

இந்தப் பதினோரு நாளில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் ராத்திரி இரண்டு மணி விழிப்பு கொஞ்சம் குறையும். உங்களைப் பார்த்த பேனலில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் தனித்தனியாக மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதி எச்.ஆருக்குத் தர வேண்டும். இரண்டு பேர் அன்றே தந்துவிடுவார்கள். மூன்றாமவர் வேலை நெருக்கடியில் இருப்பார், அல்லது விடுப்பில் போயிருப்பார். அவர் திரும்பி வந்ததும் மூவரும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் கிடைக்க வேண்டும். அப்புறம் சம்பளத்துக்கு நிதிப் பிரிவின் அப்ரூவல். அதுவரை எல்லாம் சரியாகப் போனாலும், மேலிடத்தில் யாரோ ஒருவர் "இந்தக் காலாண்டில் புது ஆள் வேண்டாம்" என்று சொல்லி மொத்தத்தையும் ஹோல்டில் போடுவது உண்டு. இதில் எந்த ஒன்றுக்கும் நீங்கள் பதில் சொன்ன விதத்துக்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதை வெளியில் அதிகம் சொல்ல மாட்டார்கள். ஒரு முறை கணக்காளர் பதவிக்கு ஐந்து பேரைப் பார்த்து, ஒருவரை முதலிடத்திலும் ஒரு பெண்ணை இரண்டாமிடத்திலும் வைத்தோம். முதலாமவர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் யோசித்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் இரண்டாமவரின் ஃபைல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவருக்கு "இல்லை" என்று எழுத முடியாது, ஏனென்றால் இல்லை என்று முடிவாகவில்லை. "நீங்கள் இரண்டாமிடம்" என்றும் எழுத முடியாது. அதனால் எதுவும் எழுதவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை முதலாமவர் வர முடியாது என்று சொல்லிவிட்டார். மேனேஜர் என்னிடம், "அந்தப் பெண் இந்நேரம் வேறு எங்காவது சேர்ந்திருப்பாரே, புதிதாக விளம்பரம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். முந்தைய நாள்தான் அந்தப் பெண்ணிடமிருந்து நான்கு வரி மெயில் வந்திருந்தது. எடுத்துக் காட்டினேன். அன்று மாலையே கூப்பிட்டுப் பேசினோம். அந்த மெயில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன், தகுதி அவருடையது. ஆனால், இருக்கிறாரா போய்விட்டாரா என்ற சந்தேகத்துக்கு அங்கே ஒரு நொடியில் விடை கிடைத்தது.

சரி, என்ன எழுதுவது? "என்ன முடிவு?" என்று கேட்காதீர்கள். "எப்போது தெரியும்?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு ரொம்ப வித்தியாசம். முடிவைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லாத நாட்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், நாளைக்குப் பார்ப்போம் என்று மெயிலை மூடி வைத்திருக்கிறேன். தேதி கேட்டவர்களுக்கு உடனே பதில் எழுத முடிந்தது. "அடுத்த புதன்கிழமை வரை ஆகும்" என்று எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் மெயில் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். கடந்த 3ஆம் தேதி கணக்குப் பிரிவு வேலைக்கான இன்டர்வியூவில் உங்களைச் சந்தித்தேன். ஒரு வாரத்தில் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். மாதக் கணக்கை ஐந்து நாளில் முடிக்க முயல்வதாக நீங்கள் சொன்னதிலிருந்து இந்த வேலையில் என் ஆர்வம் கூடியிருக்கிறது. என்னிடமிருந்து வேறு ஏதாவது தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன். நன்றி."

இவ்வளவு போதும். இன்டர்வியூவுக்கு அழைத்து அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளையாக இதை அனுப்புங்கள். அப்போது உங்கள் பெயர், பதவி, தேதி எல்லாம் கீழேயே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எட்டுப் பதவிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு "அன்று பேசினோமே" என்று மொட்டையாக எழுதினால் யார் என்றே பிடிபடாது. ரெஸ்யூமேயை மறுபடி இணைக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகும் பதில் வரவில்லையா? ஒரு வாரம், பத்து நாள் விட்டு இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். இது நானாக வைத்துக்கொண்ட கணக்குதான், எந்தப் புத்தகத்திலும் இருப்பதல்ல. மூன்றாவது மெயிலைப் பார்த்துவிட்டு முடிவை மாற்றிய மேனேஜர் ஒருவரையும் நான் கண்டதில்லை. முதல் மெயிலை அனுப்பியதுமே இரண்டாவதுக்கான தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதி வரும்வரை அவர்களைப் பற்றி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த நாட்களை அடுத்த விண்ணப்பத்துக்குக் கொடுங்கள், தூக்கத்துக்கும் கொடுங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறேன், எல்லா வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள் இல்லையா? அப்போது கேளுங்கள்: "அடுத்த கட்டம் என்ன? எப்போதைக்குள் தெரியும்? அதற்குள் தகவல் வராவிட்டால் நான் யாருக்கு எழுதலாம்?" பத்து விநாடிக் கேள்வி. தேதியையும் ஒரு பெயரையும் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டால், பிறகு எழுதும் மெயில் அவர்களே வைத்த ஏற்பாட்டின்படி நடப்பதாகிவிடும். எழுதலாமா கூடாதா என்று தோழியையும் அண்ணனையும் கேட்டு நிற்க வேண்டியதே இல்லை.

கேள்வி: இன்டர்வியூ முடிந்த மறுநாள் நன்றி சொல்லி மெயில் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது காக்கா பிடிப்பது போலக் கூச்சமாக இருக்கிறது. அவசியம்தானா?

பதில்: அவசியம் என்று சொல்ல முடியாது. அனுப்பாததற்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை. ஆனால் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் 24 மணி நேரத்துக்குள். பேனலில் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் குறிப்பு எழுதுவார்கள், அதுவரை உங்கள் முகம் நினைவில் இருக்கும்.

உங்கள் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, "இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்?" என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள். பிறகு படித்தவர்களிடமும் கேட்டார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் கூடுதலாகக் கணித்திருந்தார்கள். எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாகக் கணித்திருந்தார்கள். அந்தக் கடிதங்கள் இன்டர்வியூவுக்காக எழுதியவை அல்ல என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கூச்சத்தின் அளவை நாம் சரியாகப் போடுவதில்லை என்பது என் மேசையிலும் பார்த்ததுதான். நன்றி மெயில் வந்த நாளில் யாரும் முகம் சுளித்ததில்லை.

காக்கா பிடிப்பதாக எப்போது ஆகிறது தெரியுமா? "உங்களைப் போன்ற மேதையைச் சந்தித்தது என் பாக்கியம்" என்று எழுதும்போது. புகழ்ச்சியை விட்டுவிட்டு, பேசிய ஒரு விஷயத்தைத் தொடுங்கள். "கிடங்கிலிருந்து வரும் திருப்பு சரக்கை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கியதை யோசித்துக்கொண்டிருந்தேன்" என்று ஒரு வரி இருந்தால், அதை எழுதியவர் அந்த அறையில் கவனமாக உட்கார்ந்திருந்தார் என்பது புரியும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டி அனுப்புபவர்கள் இப்போது அதிகம். ஒரே வாரத்தில் ஆறு பேரிடமிருந்து "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு" என்று ஒரே அச்சில் வந்தால், ஆறில் எது யாருடையது என்று யாருக்கும் நினைவில் நிற்காது. உங்கள் தமிழோ ஆங்கிலமோ கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களுடையதாக இருக்கட்டும்.

மூன்று பேர் பேசினார்கள் என்றால் மூவருக்கும் ஒரே மெயிலை நகல் எடுத்து அனுப்ப வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். ஆளுக்கு ஒரு வரி மாற்றுங்கள். முகவரி இல்லையென்றால் எச்.ஆருக்கு அனுப்பி, மற்ற இருவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் போதும். அப்புறம், பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சரிபாருங்கள்.

கேள்வி: டெக்னிக்கல் ரவுண்டில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் சரியான விடை தோன்றியது. அதை எழுதி அனுப்பலாமா, அல்லது தப்பை நானே நினைவூட்டுவது போல ஆகிவிடுமா?

பதில்: அனுப்புங்கள் தம்பி. எனக்கு வந்த கடிதங்களில் இதுதான் பிடித்த கேள்வி.

கேள்வி கேட்டவருக்கு நீங்கள் தப்பாகச் சொன்னது ஏற்கெனவே தெரியும், அவருடைய தாளிலும் அது இருக்கிறது. அதனால் நினைவூட்டி இழக்க ஒன்றும் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு ஓர் இளைஞர், இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு வந்தவர், ஒரு பம்பின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லும் கேள்வியில் திணறிப்போனார். அன்று மாலை அவரிடமிருந்து மூன்று வரி வந்தது: "பேரிங் தேய்மானம் என்று சொன்னேன். நீங்கள் சொன்னது சரளைக்கல் உருளும் சத்தம் என்பதால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து திரவத்தில் குமிழி உண்டாகி உடைவதாகத்தான் இருக்க வேண்டும். முதலில் அந்தப் பக்கத்து வடிகட்டியைப் பார்த்திருப்பேன்." அதை அப்படியே பேனலில் இருந்த மூத்த பொறியாளருக்கு அனுப்பி வைத்தேன். அவர் என் அறைக்கே வந்து, "இந்தப் பையன் வீட்டுக்குப் போயும் பம்பை விடவில்லை பாருங்கள்" என்றார். அவரை எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அளவு முக்கியம். ஒரு கேள்விக்கு மட்டும், மூன்று நான்கு வரியில். நன்றி மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள். பதற்றத்தில் இருந்தேன், தூக்கம் இல்லை, வண்டி தாமதம் என்ற விளக்கங்கள் வேண்டாம், விடையை மட்டும் சொல்லுங்கள். ஐந்து கேள்விக்குத் திருத்தம் எழுதினால் அது மறுதேர்வு எழுதுவது போலாகிவிடும். இணையத்தில் தேடிக் கண்டுபிடித்திருந்தால் "வந்த பிறகு படித்துப் பார்த்தேன்" என்றே எழுதுங்கள். நேரே பார்க்கும்போது அதிலிருந்து அடுத்த கேள்வி வரலாம்.

கேள்வி: பேனலில் இருந்தவரின் வாட்ஸ்அப் எண் கிடைத்துவிட்டது. "என்ன சார், என்னை மறந்துட்டீங்களா?" என்று ஜாலியாக ஒரு செய்தி போடலாமா? லிங்க்ட்இனில் கனெக்ட் கேட்கலாமா?

பதில்: வாட்ஸ்அப்பில் அவராக உங்களோடு பேசியிருந்தால் அங்கேயே கேட்கலாம். எண் வேறு வழியில் "கிடைத்துவிட்டது" என்றால் வேண்டாம். அது அவருடைய வீட்டு வாசல்.

ஜாலி அறவே வேண்டாம். குரலில் விளையாட்டாக இருப்பது எழுத்தில் குற்றச்சாட்டாகப் படிக்கப்படும். 2005இல் ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேலியாகச் சொல்வதையும் உண்மையாகச் சொல்வதையும் மின்னஞ்சலில் படிப்பவர் சரியாகப் பிரித்துக்கொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ நாணயத்தைச் சுண்டி ஊகித்தால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாகக் கண்டுபிடித்தார்கள்.

லிங்க்ட்இன் பரவாயில்லை, ஒரு குறிப்போடு. அவர் ஏற்கவில்லை என்றால் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம். முடிவு வரும்வரை யாரையும் ஏற்பதில்லை என்று வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கேள்வி: என் மகன் கூச்ச சுபாவம். இன்டர்வியூ முடிந்து மூன்று வாரம் ஆகியும் போன் செய்ய மாட்டேன் என்கிறான். அப்பா என்ற முறையில் நானே அந்த நிறுவனத்துக்குப் பேசலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தகப்பனார் பேசிய அன்று முதல், அந்தப் பையனைப் பற்றிய பேச்சில் அவன் படிப்பு பின்னுக்குப் போய் உங்கள் போன் முன்னுக்கு வந்துவிடும். மூன்று வாரம் என்பதால் எழுதலாம், எழுத வேண்டும். போன் கட்டாயமில்லை, மெயில் போதும் என்று அவனிடம் சொல்லுங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு மெயில் ஒரு வரம். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழுதியதை ஒரு முறை படித்துப் பாருங்கள். அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தட்டும்.

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த நிறுவனத்தில் கடைசி ரவுண்டு முடிந்திருக்கிறது, முடிவு வரவில்லை. அதற்குள் இன்னொரு இடத்தில் ஆஃபர் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். முதல் நிறுவனத்திடம் இதைச் சொன்னால் மிரட்டுவதாக நினைப்பார்களா?

பதில்: சொல்லாமல் விட்டால்தான் நஷ்டம். ஃபைலை மேலே நகர்த்த எனக்குக் கிடைத்த மிக நியாயமான காரணம் இதுதான். "அவருக்கு வெள்ளிக்கிழமை கெடு" என்று நான் மேனேஜரிடம் போய் நின்றால், விடுப்பில் இருக்கும் மூன்றாமவரையும் போனில் பிடித்துக் குறிப்பு வாங்கிவிடுவார்.

இன்றே எழுதுங்கள், வியாழன் மாலை வரை தள்ளாதீர்கள். அவர்களுக்கு அப்ரூவல் வாங்க இரண்டு மூன்று வேலை நாளாவது வேண்டும். "எனக்கு வேறோர் இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு விருப்பமானது உங்கள் இடம்தான். அதற்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா?" இவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மெயிலோடு போனும் செய்யலாம். அதே நாளில் ஆஃபர் கொடுத்தவரிடமும் "இன்னும் மூன்று நாள் கிடைக்குமா?" என்று கேளுங்கள். நேர்மையாகக் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்.

ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாக மட்டும் எழுதாதீர்கள். "அப்படியானால் அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வந்தால் திரும்பி வர வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் பிறகு என்னிடம் போனில் அழுதார். எனக்கும் மனம் கேட்கவில்லை, ஆனால் அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது.

கேள்வி: "தேர்வாகவில்லை" என்று ஒரு வரி மெயில் வந்தது. காரணம் கேட்கலாமா? பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாதா?

பதில்: கேட்கலாம். எதிர்பார்ப்பைக் குறைவாக வைத்துக்கொண்டு கேளுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுக்கப் பல நிறுவனங்கள் அஞ்சுகின்றன. வாக்குவாதமோ வழக்கோ வரும் என்று சட்டப் பிரிவு எச்சரித்திருக்கும். அதனால் "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பொதுவான ஒரு வரிதான் வரும். "இதே போன்ற வேலைக்கு அடுத்து முயலும்போது நான் எந்த ஒன்றைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டால் சில சமயம் பொன்னான பதில் கிடைக்கும். நானே அப்படிக் கேட்டவர்களுக்கு "பெரிய தரவை எக்செலில் கையாளும் பழக்கம் குறைவாகத் தெரிந்தது" என்பது போல எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் நன்றி மட்டும் சொல்லுங்கள், மறுத்து வாதிடாதீர்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள், முடிவு எடுத்தாகிவிட்டதா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமை ஒருவருக்கு உண்டு. இன்டர்வியூவில் அவரைப் பற்றி எழுதிய குறிப்புகளும் அதில் சேரும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். 45 நாள் விதியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. இது எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. கோபமாக ஒரு மெயில் போட்டு மனதில் உள்ளதைக் கொட்டிவிடட்டுமா?

பதில்: தாளில் எழுதிக் கொட்டிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மெயிலைப் படிக்கப் போவது பெரும்பாலும் உங்களை மறந்த அந்த மேனேஜர் அல்ல, முடிவைத் தானும் தெரிந்துகொள்ள முடியாமல் நடுவில் நிற்கும் ஒரு எச்.ஆர். உதவியாளர். விண்ணப்பங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளில் உங்கள் பெயருக்குக் கீழே அது அப்படியே தங்கியும் விடும். மனிதர்கள் வேலை மாறிப் போவார்கள், அந்தப் பதிவு அங்கேயே இருக்கும்.

கேள்வி: நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு சிறிய குழுவின் மேனேஜர். ஒரு பதவிக்குப் பத்துப் பேரைப் பார்த்து ஒருவரை எடுத்தோம். மற்ற ஒன்பது பேருக்கும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது. அதில் இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் கழித்து எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியதற்காகவே உங்களுக்கு நன்றி. இந்த வெட்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒருவருக்கு "அடுத்த வாரம் நானே கூப்பிடுகிறேன்" என்று சொன்னேன். பதவியே ரத்தாகிவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது, பிறகு ஒரு மாதம், பிறகு சொல்லவே இல்லை. நான்கு வருடம் கழித்து வேறொரு அலுவலகத்தின் வரவேற்பறையில் அவரைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினார். கோபமே இல்லாமல், "நீங்கள் சொன்னதை நம்பி அந்த மாதம் வேறு ஓர் இன்டர்வியூவுக்குப் போகவில்லை மேடம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த நாளுக்குப் பிறகு, பார்த்த ஒருவருக்கும் பதில் எழுதாமல் ஃபைலை மூடியதில்லை. பதவி ரத்தானாலும் எழுதினேன், ஆறு மாதம் தாமதமானாலும் எழுதினேன். "இப்போது ஏன் எழுதினாய்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஆறு வாரம் அதிகம் இல்லை. ஒன்பது பேரில் யாரோ ஒருவர் இன்னும் உங்களை எண்ணிக்கையில் வைத்துக்கொண்டு இன்னோர் ஆஃபருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். கேட்டு எழுதிய அந்த இருவருக்கும் முதலில் எழுதுங்கள், பிறகு மற்ற ஏழு பேருக்கு. எல்லாருக்கும் ஒரே மெயிலைப் போடாமல், தனித்தனியாக, பெயர் போட்டு. மொத்தமும் அரை மணி நேர வேலை. தொடங்கக் கஷ்டமாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். ஆறு வாரத்துக்கு முன் நீங்கள் எங்களோடு பேச வந்தீர்கள். இவ்வளவு நாள் பதில் எழுதாதது என் தவறு, மன்னிக்கவும். அந்தப் பதவிக்கு வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம். நீங்கள் தயாரித்து வந்ததையும் செலவிட்ட நேரத்தையும் நான் மறக்கவில்லை. எங்கள் தேர்வைப் பற்றி ஏதாவது கேட்க விரும்பினால் இந்த மெயிலுக்கே எழுதுங்கள், இம்முறை ஒரு வாரத்துக்குள் பதில் வரும்."

கடைசி வரியை எழுதினால், அந்தத் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.